நாகையில் ஒரு வார்டு, அதன் பழைய ஓட்டுக் கணக்கு, என் தை மாத வருமானம்

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், நாகப்பட்டினம் நகராட்சியின் கடலோர வார்டு ஒன்றில் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றேன். டெபாசிட் போய்விட்டது. அதற்காகப் புலம்ப இதை எழுதவில்லை, ஜெயிப்பேன் என்று எனக்கே பெரிய நம்பிக்கை கிடையாது. என்னை அலைக்கழித்தது வேறு. நிற்கலாம் என்று முடிவெடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, இந்த வார்டில் இதுவரை யார் யார் ஜெயித்தார்கள், எத்தனை ஓட்டு வாங்கினார்கள், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பதுதான். சட்டமன்றத் தொகுதி என்றால் வேட்பாளர் பெயர், கட்சி, ஓட்டு எல்லாம் தேர்தல் வாரியாக உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. என் வீட்டு வாசலில் சாக்கடை அள்ளுவதை முடிவு செய்கிற வார்டுக்கு அப்படி ஒரு தாள்கூட இல்லை. ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள், ஒருத்தர் கதை இன்னொருத்தர் கதையோடு ஒத்துப்போகவில்லை. இப்போதைய மன்றங்கள் 2022 மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்றவை, ஐந்து வருஷம் என்று கணக்குப் போட்டால் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தடவை நிற்கலாமா என்று யோசிக்கிறவர்கள், முக்கியமாகப் பின்னால் கட்சி இல்லாத பெண்கள், நான் பட்ட அலைச்சலைப் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குத் தையல் கடை. ஜாக்கெட், சுடிதார், கல்யாணத்துக்கு ஆரி வேலை. வேட்புமனு ஜனவரி 28-ல் ஆரம்பித்து ஓட்டு பிப்ரவரி 19-ல் முடிந்தது. தமிழ்க் கணக்கில் தை நடுவிலிருந்து மாசி முதல் வாரம் வரை, அதாவது முகூர்த்த சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம். வருஷம் முழுக்க வாடகை கட்டிக் காத்திருப்பதே இந்த ஆர்டர்களுக்காகத்தான். அது எனக்குத் தெரிந்தேதான் இறங்கினேன். தேர்தல் செலவு 30,000 ரூபாயை நெருங்கியது என்றால், திருப்பி அனுப்பிய ஆர்டர்களில் போனது அதைவிட அதிகம். அந்த இரண்டாவது தொகையை எந்தச் செலவுக் கணக்கிலும் எழுத முடியாது. கூலிக்கோ சொந்தத் தொழிலுக்கோ போகிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு அதுதான். வீட்டில் இருப்பவர்களிடம் இதைத் தொகையாகவே சொல்லிவிடுங்கள். "கொஞ்சம் செலவாகும்" என்று இழுத்தால், பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

சரி, பழைய கணக்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1986-ல் ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்புறம் பத்து வருஷம் ஒன்றுமே இல்லை. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, மாநிலத் தேர்தல் ஆணையம் என்று தனியாக ஒன்று அமைந்த பிறகு, 1996 அக்டோபரில்தான் மறுபடி நடந்தது. அதிலிருந்து 2001, 2006, 2011 என்று ஐந்து வருஷத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தது. 2016-ல் நின்றுபோய், நகராட்சிகளுக்கு 2022-ல்தான் அடுத்தது. ஆக, நான் தேட வேண்டியிருந்தது நான்கே தேர்தல். என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். 1986-க்கு நான் ஆசைப்படவே இல்லை. நாகை தனி மாவட்டமானது 1991-ல், அதற்கு முன் எல்லாம் தஞ்சாவூர். அந்தக் காலத்துக் காகிதம் எந்த ஊரில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, "எங்கள் வார்டின் 1996 முதல் 2011 வரையிலான தேர்தல் வரலாற்றைத் தரவும்" என்று கேட்டிருந்தேன். முப்பது நாள் கழித்து வந்த பதிலில் இரண்டே வரி: பராமரிப்புக் காலம் முடிந்ததால் தேர்தல் ஆவணங்கள் அழிக்கப்பட்டன, கேட்ட வடிவத்தில் தகவல் தொகுக்கப்படவில்லை. படித்ததும் ஆத்திரமாக வந்தது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்கு முன் ஓய்வு பெற்ற ஓர் அலுவலக உதவியாளரிடம் பேசினேன், எங்கள் தெருக்காரர்தான். அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை. "வரலாறுன்னு கேட்டா ஒருத்தரும் தர மாட்டாங்கம்மா. எந்த ரிஜிஸ்டர், எந்தத் தேதி, எந்தப் பக்கம்னு கேளு." இந்தச் சட்டத்தில் அலுவலகம் கையில் இருக்கிற ஆவணத்தின் நகலைத்தான் தர வேண்டும். இல்லாத ஒன்றை உட்கார்ந்து தயாரித்துத் தரும் கடமை அதற்கு இல்லை. ஓட்டு எண்ணிக்கைத் தாள்கள் அழிந்தாலும் மன்றக் கூட்டத் தீர்மானப் புத்தகம் அழியாது. ஒவ்வொரு மன்றத்தின் முதல் கூட்டத்திலும் யார் எந்த வார்டு உறுப்பினர் என்று வருகைப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கங்களின் நகலை மட்டும் தேதி போட்டுக் கேட்டேன். பக்கத்துக்கு 2 ரூபாய். வந்துவிட்டது.

அதில் பெயர் இருந்தது, ஓட்டு இல்லை. அந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வார்டில் கல்வெட்டு இல்லாத இடமே இல்லை. குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை, ஏலக் கூடம், பொதுக் கழிப்பிடம், எதைக் கட்டினாலும் ஒரு கருப்புக் கல்லில் மந்திரி பெயர், எம்.எல்.ஏ. பெயர், தலைவர் பெயர், கடைசி வரியில் பொடி எழுத்தில் வார்டு உறுப்பினர் பெயரும் வார்டு எண்ணும். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூடிப்போன கல்லைத் தையல் கத்திரி முனையால் சுரண்டிப் படித்திருக்கிறேன். போகிறவர்கள் பைத்தியமா என்று பார்த்தார்கள். ஆனால் அந்தக் கற்கள் ஒன்றைக் காட்டிக்கொடுத்தன. இன்று எங்கள் வார்டில் இருக்கும் ஒரு தொட்டியின் கல்லில் பக்கத்து வார்டின் எண் இருந்தது. எங்கள் எண் போட்ட ஒரு கல், இன்று வேறு வார்டில் இருக்கிறது. எண் அப்படியே நிற்க, கோடு நகர்ந்திருக்கிறது. "இந்த வார்டு எப்பவுமே இன்ன கட்சிக் கோட்டை" என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்கள் எந்த வார்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியாமல்தான் பேசுகிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஓட்டுக் கணக்கு கிடைத்தது எதிர்பாராத இடத்தில். பழைய பூத் ஏஜெண்டுகள். ஒவ்வொரு கட்சியிலும் இருபது முப்பது வருஷமாகச் சாவடியில் உட்காரும் ஒருவர் இருப்பார். பதவிக்கு வரமாட்டார், மேடையில் உட்காரமாட்டார், ஆனால் எல்லாத் தேர்தலின் வாக்காளர் பட்டியலையும் பரணில் போட்டு வைத்திருப்பார். எங்கள் வார்டில் அப்படி ஒரு பெரியவர். நான் அவர் கட்சி இல்லை என்று தெரிந்தும், "நம்ம தெருப் பொண்ணு கேக்குது" என்று ஒரு சாக்கு மூட்டையை இறக்கித் தந்தார். துருப்பிடித்த குண்டூசி, மீன் வாடை, கரையான் அரித்த ஓரம். வாக்களித்தவர் பெயருக்கு நேராகச் சிவப்பு டிக். வெளியூர் போனவருக்கு "வெ". இறந்தவருக்கு "இ". ஒவ்வொரு சாவடிக் கட்டின் கடைசித் தாளிலும் அன்றைக்குப் பதிவான மொத்தம், எண்ணிக்கையன்று யாருக்கு எவ்வளவு என்று பென்சிலில். எந்த அலுவலகத்திலும் இல்லாதது அந்த மூட்டையில் இருந்தது. அதில் 2001 பட்டியல் ஒன்று, சுனாமிக்குப் பிறகு அவரே கையால் திருத்தியது. குப்பத்துப் பக்கங்களில் ஒரே வீட்டு எண்ணுக்கு நேராக அடுத்தடுத்து "இ", "இ", "இ". அன்றைக்கு நான் வேலை எதுவும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் ஒட்டிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த வரலாறு இப்படி. 1996-லும் 2001-லும் எங்கள் வார்டில் பாதிக்கு மேல் குப்பத்து ஓட்டு. ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி ஓர் ஆளைச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. இரண்டு தடவையும் ஜெயித்தவர் ஒரே ஆள்தான், பெரிய கட்சி எதிலும் இல்லாதவர். அந்த இரண்டு தேர்தலிலும் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஒரு வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. தலைவருக்குக் கட்சி பார்த்துப் போட்டுவிட்டு, வார்டுக்கு நம்ம ஆள் என்று போடலாம். கட்சிக்காரர்களும் தலைவர் பதவியில்தான் பணத்தையும் ஆளையும் இறக்கினார்கள், வார்டை ரொம்பக் கண்டுகொள்ளவில்லை. 2006-ல் அது மாறியது. தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றானது. ஒவ்வொரு வார்டும் தலைவர் நாற்காலிக்கு ஒரு ஓட்டு ஆகிவிட்டதால், அதுவரை எட்டிப் பார்க்காத பெரிய தலைகள் எங்கள் தெருவில் நடந்தார்கள். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல். 2022-ல் மறுபடி மறைமுகம். சுயேச்சையாக நிற்க நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். தலைவர் பதவி மறைமுகம் என்றால், உங்களை எதிர்த்து நிற்பவருக்குப் பின்னால் நகரம் முழுவதும் நிற்கும்.

2006-ல் இன்னொன்றும் நடந்தது. 2004 டிசம்பர் 26-க்கு நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பிழைத்தவர்களில் பலர் தார் ஷீட் கொட்டகைகளில் இருந்தார்கள். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்கள் விரும்பினால் உள்ளே தள்ளி வேறிடத்தில் புது வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. எங்கள் குப்பத்தில் ஒரு பகுதி அப்படிப் போனது. அந்தச் சுனாமிக் குடியிருப்பு வேறு வார்டு எல்லையில். ஆள் இங்கே வலை பின்னுகிறார், வள்ளம் இங்கே கிடக்கிறது, ஓட்டு அங்கே. சிலர் பெயர் பழைய பட்டியலிலேயே இருந்தது, சிலருடையது இரண்டிலும் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் சொன்ன ஆள் 2006-ல் தோற்றார். துரோகம், பணம், சாதி என்று இன்றைக்கும் அதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். பெரியவரின் பட்டியலைப் பார்த்தால் காரணம் எளிமையாகத் தெரியும். அவருக்கு ஓட்டுப் போட வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்த வார்டிலேயே இல்லை.

2011 பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, அந்த வருஷம் மாநிலம் முழுக்க அடித்த காற்று எங்கள் வார்டிலும் அடித்தது. 2016-தான் வேடிக்கை. அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்து, மனுத்தாக்கலும் முடிந்து, அடுத்த நாள் அக்டோபர் 4-ல் உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்பது முக்கியக் காரணம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா நோட்டீஸ், ஸ்டிக்கர் எல்லாம் அடித்துவிட்டார். அச்சகத்துக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். அதனால்தான் நான் சின்னம் கைக்கு வருகிற வரை ஒரு தாள்கூட அச்சடிக்கவில்லை. நீங்களும் அடிக்காதீர்கள். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. கவுன்சிலர் என்று ஒருவர் இருந்ததையே ஒரு தலைமுறை மறந்துவிட்டது. நான் ஓட்டுக் கேட்கப் போனபோது கல்லூரிப் பையன் ஒருவன், "கவுன்சிலர்னா என்னக்கா செய்வாங்க?" என்று நிஜமாகவே கேட்டான்.

2011-க்கும் 2022-க்கும் இடையில் இரண்டு மாற்றம் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வார்டு எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். பெண்களுக்கான ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. எங்கள் வார்டு பெண்கள் பொது வார்டானது, அதாவது எந்தச் சமூகத்துப் பெண்ணும் நிற்கலாம். எல்லை மாற்றத்தில் சுனாமிக் குடியிருப்பின் சில தெருக்கள் எங்களோடு வந்து சேர்ந்தன, மறுமுனையில் கடைத்தெருப் பக்கம் கொஞ்சம் போனது. எல்லைத் திருத்தம் என்று செய்தித்தாளில் வரும்போது யாரும் படிப்பதில்லை. வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள், அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால்கூடப் பதிவாகும். அதைத் தவறவிட்டால் அடுத்த மாற்றம் வரை காத்திருக்க வேண்டியதுதான். தெருப் பெயர் பட்டியலை வாங்கி, வார்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். ஒரு தெருவின் கிழக்கு வரிசை நம் வார்டிலும் மேற்கு வரிசை அடுத்த வார்டிலும் இருக்கும். இது தெரியாமல் ஒரு கட்சி வேட்பாளர் மேற்கு வரிசை முழுவதும் கும்பிட்டுக்கொண்டே போனதைக் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். வாக்காளர் பட்டியலும் அப்படித்தான். சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள், பிரிக்கும்போது சில வீடுகள் இடம் மாறி விழுந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு முடுக்கு முழுவதும் அடுத்த வார்டில் போய்ச் சேர்ந்திருந்தது. மனுத்தாக்கலுக்கு முன்பே பார்த்ததால் முறையிட முடிந்தது. எல்லாம் சரியாகவில்லை, கொஞ்சம் சரியானது.

மனுத்தாக்கலில் விவரம் தெரியாதவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் சில. வயது 21 ஆகியிருக்க வேண்டும். நகராட்சியின் எந்த வார்டில் உங்கள் பெயர் இருந்தாலும் வேறு வார்டில் நிற்கலாம், ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். முன்மொழிய ஆள் பிடிப்பதே சிரமம். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்ன ஒருவர், முதல் நாள் இரவு வீட்டுக்கு யாரோ வந்து பேசியதும் காலையில் போனை எடுக்கவில்லை. எனக்கு முன்மொழிந்தது என் அத்தாச்சிதான். கைவசம் இன்னொருவரையும் தயாராக வைத்திருங்கள். அப்புறம் வரி. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் என்று நகராட்சிக்குப் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. வீடு மாமனார் பெயரில், குடிநீர் இணைப்பு வேறு பெயரில், கடை வாடகைக்கு என்று இருந்தால், எதற்கு எந்த ரசீது என்று கடைசி நேரத்தில் கவுண்டரில் நின்று தவிக்க வேண்டியிருக்கும், அந்த வாரம் அங்கே ரேஷன் கடையைவிட நீளமான வரிசை. சொத்து, கடன், வழக்கு விவரம் சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். டெபாசிட் நகராட்சி வார்டுக்கு 2,000 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது திரும்பி வராது.

மனுப் போட்ட அன்று சாயங்காலமே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. யார் நிறுத்தினார்கள், எவ்வளவு வாங்கினாள், யாருடைய ஓட்டைப் பிரிக்க. பெண்ணுக்காக ஒதுக்கிய வார்டு அது, அதில் ஒரு பெண் தானாக நிற்கலாம் என்பதை நம்ப ஆளில்லை. எதிர் வேட்பாளர்களின் சுவரொட்டிகளில் கணவர் படம் பெரிதாக, வேட்பாளர் படம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. என் கணவர் பிரசாரத்துக்கு வராமல் கடையைப் பார்த்துக்கொண்டார், அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். இரவு படுத்தால் காதில் அந்தப் பேச்சுதான். வாபஸ் வாங்கக் கடைசி நாளான பிப்ரவரி 7 வரைக்கும் "எதுக்கும்மா உனக்கு, பேசி முடிச்சுக்கலாம்" என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், மிரட்டவில்லை. அந்தச் சமயத்தில் வீட்டில் தனியாக உட்கார்ந்து பதில் சொல்லாதீர்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது வாபஸ் முடிந்த பிறகுதான். பிரசாரம் ஓய்ந்தது பிப்ரவரி 17 மாலை 6 மணி. இடையில் பத்தே நாள். அதற்குள் ஒரு சின்னத்தை ஆயிரக்கணக்கானோர் மனதில் பதிய வைக்க வேண்டும். நோட்டீஸை முன்கூட்டியே வடிவமைத்து, சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன், அது நேரத்தை மிச்சம் பிடித்தது. மைக் கட்டிய ஆட்டோ ஒரு நாள் எடுத்தேன், வீண். எல்லா ஆட்டோவும் ஒரே தெருவில் கத்தும்போது ஒன்றும் விளங்காது. பழைய பட்டியலை வைத்துப் போனது மட்டும்தான் பலன் தந்தது. சுனாமிக் குடியிருப்பில் 2001-க்குப் பிறகு வேட்பாளர் யாரும் தேடி வராத குடும்பங்கள் இருந்தன. பட்டியலில் இருந்த தாத்தா பெயரைச் சொல்லி, "அவங்க வீடுதானே?" என்று கேட்டதும் பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். அந்தச் சாவடியில்தான் எனக்கு ஓரளவு ஓட்டு விழுந்தது. குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரை முறைப்படி முதலில் பார்த்துவிட்டுத்தான் வீடுகளுக்குள் போனேன். வேறு ஆளுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதாக நேராகவே சொன்னார்கள். "ஆனா நீ வந்து கேட்டுட்டுப் போம்மா, தடுக்க மாட்டோம்" என்றார்கள். மழுப்பிய கட்சிக்காரர்களை விட அது எனக்கு மேலாகப் பட்டது.

கடைசி இரண்டு ராத்திரிகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், விவரிக்கப் போவதில்லை. வாக்குப்பதிவு அன்று ஏஜெண்ட் சாவடிக்கு விடிவதற்குள் போய்விட வேண்டும், ஏழு மணிக்கு முன்பே மாதிரி வாக்குப்பதிவு முடிந்துவிடும். ஒரு சாவடிக்கு ஓர் ஆளும் அவருக்கு மாற்றாக இன்னோர் ஆளும் கிடைக்காவிட்டால், அந்தச் சாவடியில் உங்கள் தரப்பில் கண் இல்லை என்று அர்த்தம். எனக்கு ஒரு சாவடிக்கு ஆளே கிடைக்கவில்லை.

22-ஆம் தேதி எண்ணிக்கை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது, அதுதான் அதிர்ச்சி. இத்தனை நாள் அலைச்சலும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பொத்தானை அழுத்தி நம்பராக வந்துவிடும். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சாவடி எண், ஆண்கள் சாவடியா பெண்கள் சாவடியா, ஒவ்வொரு வேட்பாளருக்கும் எவ்வளவு. பக்கத்தில் நின்ற ஜெயித்த கட்சி ஏஜெண்டுகூட மொத்தத்தை மட்டும் குறித்துக்கொண்டு கட்டிப்பிடிக்கப் போய்விட்டார். வார்டு மொத்தம் எப்படியும் வெளியே வந்துவிடும். சாவடி வாரியான கணக்கைப் பிறகு வாங்க நினைத்தால் நான் பட்டதையே நீங்களும் படுவீர்கள். அங்கேயே எழுதுங்கள், அன்று இரவே இரண்டு பிரதி எடுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது மிச்சமிருப்பது செலவுக் கணக்கு. முடிவு வந்த முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் உண்டு, டெபாசிட் போனவர்களுக்கும் உண்டு. கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாமல் போகலாம். உச்சவரம்பு நகராட்சியின் தரத்தைப் பொறுத்தது. 2022-ல் முதல், இரண்டாம் நிலை நகராட்சிகளில் 34,000 ரூபாய், தேர்வுநிலை, சிறப்புநிலை என்றால் 85,000. நான் முதல் நாளிலிருந்து துணிக்கடை பில் புத்தகத்தில் டீச் செலவு வரைக்கும் எழுதி வந்ததால் ஒரு மாலையில் முடித்தேன். என்னைப் போலவே தோற்ற இன்னொரு பெண், அச்சகத்தில் ரசீதே தரவில்லை என்று கடைசி வாரம் வரைக்கும் நடந்துகொண்டிருந்தார். கணக்கைக் கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் "அதெல்லாம் வேண்டாம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். வேண்டும் என்று நின்று வாங்கினேன். அந்தத் தாளும், நான்கு தேர்தலின் வருகைப் பக்க நகலும், 2022-ன் சாவடிக் கணக்கும் இப்போது ஒரே ஃபைலில் இருக்கின்றன. போன மாதம் ஜெயித்த கட்சிக்காரர் ஒருவரே வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தேன், பதிலுக்கு அவர்களிடம் இருக்கும் 2006 பட்டியலைத் தரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.